மட்டக்களப்பில் ‘ஒரிஜினல்’ கேம் கேசட் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

இரண்டு மாதத்துக்கு முன் மட்டக்களப்பு டவுனில் ஒரு கடையில் 8,500 ரூபா கொடுத்து கேம்போய் அட்வான்ஸ் என்ற கையடக்க கேம் மிஷினில் போடும் கேசட் ஒன்று வாங்கினேன். மதர் 3 என்ற கேம். “ஒரிஜினல் தம்பி, இங்கிலிஷ்ல வந்தது, இனிக் கிடைக்காது” என்றார் கடைக்காரர். மாமா கட்டாரிலிருந்து கொண்டுவந்து தந்த கேம்போய் அட்வான்ஸ் எஸ்பி மிஷின் இன்னும் என்னிடம் வேலை செய்கிறது. களுவாஞ்சிக்குடிக்குத் திரும்பும் பஸ்ஸிலேயே விளையாடத் தொடங்கிவிட்டேன்.

அப்படி ஒரு கதை. மொத்தம் 8 அத்தியாயம். அதில் சேவ் செய்ய, அதாவது விளையாடிய இடத்தைப் பதிந்து வைக்க, வேண்டுமென்றால் வழியில் நிற்கும் தவளையிடம் போய்ப் பேச வேண்டும். மூன்று கிழமை இரவிரவாக விளையாடி 7ஆம் அத்தியாயத்துக்கு வந்தேன். ஒரு நாள் காலையில் போட்டால் சேவ் ஒன்றும் இல்லை. முதலிலிருந்து பெயர் கேட்கிறது.

கடைக்குக் கொண்டுபோனேன். “உங்கட மிஷின் பழசு தம்பி, கேசட்டில பிழையில்ல” என்று திருப்பித் தந்துவிட்டார். என்னிடமிருந்த மற்ற இரண்டு கேசட்டும் அதே மிஷினில் ஒழுங்காகச் சேவ் ஆகின்றன என்று போட்டுக் காட்டியும் கேட்கவில்லை. காசும் தரவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். கேம்போயைச் செய்யும் ஜப்பானியக் கம்பனியான நின்டெண்டோ மதர் 3ஐ 2006 இல் ஜப்பானில், ஜப்பானிய மொழியில் மட்டும் வெளியிட்டது. ஆகவே ஒரிஜினல் இங்கிலிஷ் கேசட் என்று ஒன்று இருக்கவே முடியாது. இங்கிலிஷ் வசனம் முழுவதும் ரசிகர்கள் மொழிபெயர்த்து 2008 இல் வெளியிட்டது. ஒரு சதம் வாங்காமல், வெறும் பட்ச்சாக, அதாவது கேமின் வசனத்தை மாற்றும் ஃபைலாக. அதற்குள் கேம் கிடையாது. ஜப்பானியக் கேமின் பிரதி ஒன்றின் மேல்தான் அதைப் போட வேண்டும்.

இந்த மாதிரி உத்தியோகபூர்வமற்ற வெளியீடுகளை நான் குறை சொல்லவே மாட்டேன். அமெரிக்காவில் 2010 இற்கு முன் வெளியான கேம்களில் 87 வீதத்தை இன்று கடையில் வாங்க வழியில்லை என்று பழைய கேம்களைப் பாதுகாக்கும் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 2023 இல் ஆய்வு செய்து சொன்னது. கம்பனி கைவிட்டதை ரசிகர்கள் கையிலெடுத்திருக்காவிட்டால் அந்தத் தவளையை நான் பார்த்தே இருக்க மாட்டேன். அவர்கள் இலவசமாகக் கொடுத்ததை மலிவு சர்க்கிட் போர்டில் ஏற்றி, ‘ஒரிஜினல்’ ஸ்டிக்கர் ஒட்டி, எங்கள் தலையில் கட்டுவது பச்சைக் களவு.

கேசட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே சேவை அழியாமல் வைத்திருக்கும் சின்னப் பற்றரி, ஈயம் சரியாகப் பிடிக்காமல் ஆடிக்கொண்டிருந்தது. சேவ் போனதற்குக் காரணம் அதுதான்.

வாங்குவதற்கு முன் கேசட்டின் அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசலில் தங்க நிறப் பற்களுக்குச் சற்று மேலே போர்டில் நின்டெண்டோ என்று அச்சிட்டிருக்கும். என்னுடையதில் அந்த இடம் வெறுமை. அந்தக் கேம் எந்த மொழியில் வெளியானது என்பதையும் போனில் தேடிப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. சேவ் செய்து, மிஷினிலிருந்து கழற்றி, திரும்பப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பில் தராவிட்டால் காசு கொடுக்காதீர்கள். நான் பில் கேட்கவில்லை, அதனால் இப்போது முறையிடக் கையில் ஒன்றும் இல்லை.

கழற்றிய கேசட்டை அப்படியே வைத்திருக்கிறேன். களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் யாராவது இப்படி ஒன்று வாங்கியிருந்தால் கொண்டு வாருங்கள், பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.