இயற்கை எரிவாயுவின் கலோரி மதிப்பைக் கணக்கிடும் எக்செல் தாள்: ஒன்பது ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கொதிகலன் பிரிவின் எரிபொருள் கணக்கு என் பொறுப்புக்கு வந்தபோது, எரிவாயுவின் கலோரி மதிப்பை, அதாவது ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் வெளிப்படும் வெப்பத்தை, ஆய்வகம் அனுப்பும் ஒற்றை எண்ணாக வாங்கிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த எண் எப்படி வந்தது என்ற கேள்விக்கு எங்களில் எவரிடமும் விடை இல்லை. ஆகவே வாயுவின் கூறுகளிலிருந்து கலோரி மதிப்பைக் கணக்கிடும் முறையைச் சொல்லும் ஐ.எஸ்.ஓ. 6976 என்ற பன்னாட்டுத் தரநிலையின் 1995-ஆம் ஆண்டுப் பதிப்பை அருகில் வைத்துக்கொண்டு நானே ஓர் எக்செல் தாளை உருவாக்கினேன். ஒன்பது ஆண்டுகளாக ஏறக்குறைய நாள்தோறும் பயன்படுத்திய பிறகு, அதன் கூட்டல் பெருக்கல் என்னை ஒருமுறைகூட ஏமாற்றியதில்லை என்று சொல்ல முடிகிறது. ஏமாந்ததெல்லாம் அதற்குள் நான் இட்ட எண்களால்தான்.

கணக்கு எளிமையானது. வாயுவின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவியான குரோமட்டோகிராஃப் தரும் ஒவ்வொரு கூறின் மோல் பின்னத்தையும் (ஒரு மோல் வாயுவில் அக்கூறின் பங்கு) அக்கூறின் ஒரு மோல் எரிவதால் வெளிப்படும் வெப்பத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். மீத்தேன் 92, ஈத்தேன் 4, புரொப்பேன் 1.5, நார்மல் பியூட்டேன் 0.5, நைட்ரஜன் 1, கார்பன் டை ஆக்சைடு 1 என்ற விழுக்காடுகள் கொண்ட வாயுவை எடுத்துக்கொள்வோம். 15 டிகிரி செல்சியஸில் மீத்தேனின் மொத்த எரிவெப்பம் (எரிதலில் உருவாகும் நீராவி திரவமாகும்போது தரும் வெப்பத்தையும் சேர்த்தது) மோலுக்கு 891.56 கிலோஜூல், ஈத்தேனுக்கு 1562.14, புரொப்பேனுக்கு 2221.10, பியூட்டேனுக்கு 2879.76. கூட்டினால் 930.44 கிலோஜூல் வரும். அதை அதே வெப்பநிலையிலும் 101.325 கிலோபாஸ்கல் அழுத்தத்திலும் நல்லியல்பு வாயுவின் (மூலக்கூறுகளிடையே ஈர்ப்பே இல்லை என்று கொள்ளும் கற்பனை வாயுவின்) மோலார் கனஅளவான, அதாவது ஒரு மோல் பிடிக்கும் இடமான, 23.645 லிட்டரால் வகுத்தால், கன மீட்டருக்கு 39.35 மெகாஜூல் கிடைக்கிறது. அரை விழுக்காடு மட்டுமே உள்ள பியூட்டேன் மொத்த வெப்பத்தில் ஒன்றரை விழுக்காட்டைத் தருவதைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தபோதுதான், சிறு கூறுகளை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது எனக்கு உறைத்தது.

உண்மை வாயு நல்லியல்பு வாயுவைவிடச் சற்று அதிகமாக அமுங்கும் என்பதால் அமுங்குமைக் காரணியால் வகுக்க வேண்டும். இந்த வாயுவுக்கு அது 0.9976, விடை 39.44 ஆகிறது. கால் விழுக்காடுதானே என்று முதல் ஆண்டில் இந்தப் படியை விட்டுவிட்டேன். மாதம் முழுவதன் நுகர்வையும் கூட்டிப் பார்த்தபோது அந்தக் கால் விழுக்காடு சிறிதாகத் தெரியவில்லை.

அதிகத் தொல்லை கொடுத்தது ஒப்பீட்டு நிலை. எரிதலுக்கு ஒரு வெப்பநிலை, கன மீட்டரை அளப்பதற்கு ஒரு வெப்பநிலை என இரண்டு இருக்கின்றன என்பதைத் தரநிலை தெளிவாகவே சொல்கிறது; நான்தான் அதைக் கவனித்துப் படிக்கவில்லை. வாயு வழங்கிய நிறுவனத்தின் மதிப்பு என்னுடையதைவிட 5.5 விழுக்காடு கூடுதலாக இருப்பதைக் கண்டு, அவர்கள் தவறு செய்கிறார்கள் என்று இரண்டு வாரம் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். அவர்கள் கணக்கிட்டது 0 டிகிரியில் அளந்த கன மீட்டருக்கு. அந்நிலையில் ஒரு மோல் 22.414 லிட்டர்தான் இடம் பிடிக்கும். வாயுவும் ஒன்றே, வெப்பமும் ஒன்றே, கன மீட்டர்தான் வேறு. அன்று முதல் தாளின் மேல்வரிசையில் இரண்டு வெப்பநிலைகளையும் அழுத்தத்தையும் சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவை இல்லாத கலோரி மதிப்பை எவர் கொடுத்தாலும் வாங்குவதில்லை.

மொத்த மதிப்பா, நிகர மதிப்பா என்ற குழப்பமும் இதற்குக் குறைந்ததன்று. எரிதலில் உருவாகும் நீர் ஆவியாகவே வெளியேறினால் நீரின் ஒவ்வொரு மோலுக்கும் 44.4 கிலோஜூல் அதனுடன் போய்விடும். மேற்கண்ட வாயுவின் ஒரு மோல் எரிந்தால் 2.045 மோல் நீர் உருவாவதால், நிகர மதிப்பு 35.5 மெகாஜூல் அளவுக்கு இறங்குகிறது. மொத்த மதிப்பின்படி 86 விழுக்காடு வெப்பத்திறன் காட்டும் கொதிகலன், நிகர மதிப்பின்படி 95-ஐத் தாண்டிவிடும். விற்பனைக் கையேடுகளில் எந்த எண் பெரிய எழுத்தில் அச்சாகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

குரோமட்டோகிராஃப் முடிவில் ஹெக்சேனும் அதைவிடக் கனமான ஹைட்ரோகார்பன்களும் ஒரே தொகுப்பாக வரும்போது, அதை முழுவதும் ஹெக்சேன் என்று கொள்வதா, ஹெப்டேன், ஆக்டேன் எனப் பிரிப்பதா என்று நீண்ட நாள் யோசித்தேன். தொகுப்பு 0.1 விழுக்காடாக இருக்கும்வரை இரண்டு வழிக்கும் வேறுபாடு 0.05 விழுக்காட்டு அளவுதான். எங்கள் வாயுவுக்கு அது பொருட்படுத்தத் தக்கதன்று.

மாதிரி எடுப்பதோ அப்படி விட்டுவிடக் கூடியதன்று. ஒருமுறை மாதிரி வாயுவைப் பிடிக்கும் உருளையைச் சரியாக வெளியேற்றிச் சுத்தம் செய்யாமல் நிரப்பியதில், ஆக்சிஜன் 0.4 விழுக்காடு என்று வந்தது. குழாய்வழி வாயுவில் ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை. காற்றில் ஆக்சிஜனைப்போல 3.73 மடங்கு நைட்ரஜன் இருப்பதால், ஏறத்தாழ 1.5 விழுக்காடு நைட்ரஜனும் கூடவே நுழைந்திருந்தது, கலோரி மதிப்பும் இரண்டு விழுக்காட்டுக்கு அருகில் சரிந்திருந்தது. ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பிரித்துக் காட்டாத குரோமட்டோகிராஃபாக இருந்திருந்தால், வாயுவே மாறிவிட்டது என்று நம்பியிருப்பேன். கனமான ஹைட்ரோகார்பன்கள் கூடுதலாக உள்ள வாயுவில் ஆபத்து வேறு வகையில் வருகிறது: உருளை குளிர்ந்து, அவை உட்சுவரில் திரவமாகப் படிந்துவிட்டால், கருவிக்குள் செல்வது மெலிந்த வாயுதான். அத்தகைய உருளையை இப்போது வெதுவெதுப்பாக்கிச் சில மணிநேரம் வைத்த பிறகே பகுப்பாய்வுக்கு அனுப்புகிறோம்.

தாளில் இன்றும் எனக்குப் பிடிக்காத ஒன்று, மொத்தம் 100-க்கு வராவிட்டால் எல்லாக் கூறுகளையும் விகிதப்படி உயர்த்திச் சரிசெய்துவிடும் அந்த ஒற்றை வரி. தரநிலைப்படி அது தேவைதான், ஆனால் 97.6 என்று வந்த மொத்தத்தையும் அது அமைதியாக 100 ஆக்கிக் காட்டியதால், குரோமட்டோகிராஃபை அளவுதிருத்தப் பயன்படும் வாயு தீர்ந்துபோனது ஒரு வாரம் எவர் கண்ணிலும் படவில்லை. இப்போது சரிசெய்வதற்கு முந்தைய மொத்தம் தனிக் கட்டத்தில் இருக்கிறது. அது 99-க்கும் 101-க்கும் வெளியே போனால் விடைக் கட்டம் வெறுமையாகிவிடும். சென்ற ஆண்டு 2016 பதிப்பின் மாறிலிகளை ஏற்றினேன். மீத்தேன் 891.56-லிருந்து 891.51-க்கு இறங்கியது; பதிவேட்டில் எழுதும் இரண்டாம் தசம இடம்கூடப் பெரும்பாலான நாட்களில் மாறவில்லை.