கோபர்நிகஸ் பிரவுசர்: மழை பொய்த்த வயலா, ஆள் போன வயலா?

ஐரோப்பிய ஒன்றியத்தின் கோபர்நிகஸ் பிரவுசர் என்ற செயற்கைக்கோள் பட இணையதளத்தை ஆறேழு மாதமாக ராத்திரியில் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காசு கிடையாது. ஊர் பெயரைத் தட்டினால் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2015-லிருந்து எடுத்த படங்கள் தேதி வாரியாக வந்து நிற்கும், மேகம் மறைக்காவிட்டால் சுமார் ஐந்து நாளைக்கு ஒன்று. எல்லோரும் முதலில் சொந்த ஊர் வயலைத்தான் தேடுவோம், நானும் தேடினேன். அப்புறம் வடகிழக்கு சிரியா பக்கம் போனவன் அங்கேயே தங்கிவிட்டேன்.

அங்கே ஹசக்கா மாகாணம்தான் கோதுமை பூமி. போருக்கு முன்னால் நல்ல வருஷத்தில் சிரியா முழுக்க 40 லட்சம் டன் கோதுமை விளைந்தது, 2021-ல் ஏறத்தாழ 10 லட்சம் டன்தான். இந்த இழப்பில் மழை பொய்த்ததால் போனது எவ்வளவு, போரால் போனது எவ்வளவு என்பது வீட்டிலிருந்தே பார்த்தால் தெரியுமா என்றுதான் தொடங்கினேன். பாதி தெரிகிறது. மீதிப் பாதிக்கு மூளையைக் கசக்க வேண்டும், அதைப் பற்றித்தான் இந்த விமர்சனத்தில் அதிகம் சொல்லப் போகிறேன்.

பச்சை இலை சிவப்பு ஒளியை விழுங்கிவிடும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்டிவிஐ (NDVI) என்ற பச்சை அளவு. கணக்கெல்லாம் நீங்கள் போட வேண்டாம், ஒரு பொத்தானை அழுத்தினால் வயல் பச்சையாகவோ வெளிறியோ வந்துவிடும். இரண்டு தேதிகளை ஒப்பிடும் வசதியில் ஏப்ரல் 2019-ஐயும் ஏப்ரல் 2021-ஐயும் போட்டு நடுக்கோட்டை இழுத்துப் பாருங்கள். 2019-ல் நல்ல மழை, மானாவாரி நிலம் பச்சைப் பாயாகக் கிடக்கும். 2021-ல் அதே நிலம் மண் நிறம். ஆற்றோரமும் கிணற்றுப் பாசனமும் உள்ள கட்டங்கள் மட்டும் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை காட்டும். முதல் தடவை அந்தக் கோட்டை இழுத்தபோது எனக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்று கவனம்: ஏப்ரலை ஏப்ரலோடுதான் ஒப்பிட வேண்டும். அங்கே கோதுமை மே, ஜூனில் அறுவடையாகிவிடும், ஆகஸ்ட் படத்தைப் பார்த்துவிட்டு வறட்சி என்று சொன்னால் தப்பு.

அந்த 2019-லேயே இன்னொன்றும் நடந்தது. நல்ல விளைச்சல் நின்ற நேரத்தில், மே மாதத்திலிருந்து வயல்கள் எரிந்தன, சில தீவைப்புகளுக்கு ஐஎஸ் அமைப்பே பொறுப்பேற்றது. குற்றலை அகச்சிவப்புப் (SWIR) படத்தில் எரிந்த நிலம் தனியாகத் தெரியும். ஆனால் அறுவடைக்குப் பிறகு தாளைக் கொளுத்தினாலும் கரியாகத்தான் தெரியும், அதனால் எரிந்த தேதிக்கு முந்தைய படத்தில் பயிர் நின்றதா என்று பார்க்காமல் வாய் திறக்கக் கூடாது.

சரி, வறட்சியையும் போரையும் எப்படிப் பிரிப்பது? பக்கத்து நிலத்தைப் பார்க்க வேண்டும். ஹசக்கா மாகாணத்தின் ராஸ் அல்-ஐன் ஊர் அருகே சிரியா, துருக்கி எல்லை ரயில் பாதையை ஒட்டியே போகிறது. இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மழை. ஒரு பக்கம் மட்டும் வெளிறினால் வானத்தைக் குறை சொல்ல முடியாது. அப்படியும் அவசரப்படக் கூடாது, துருக்கிப் பக்கம் பாசன வசதி அதிகம், அந்தப் பச்சையில் அதற்கும் பங்கு உண்டு. ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் இதே வழியைத்தான் சிரியா, ஜோர்டான் எல்லையில் உள்ள யர்மூக் ஆற்றுப் படுகையில் கையாண்டார்கள். போர் தொடங்கிய பின் சிரியப் பகுதியில் பாசன நிலம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது, ஜோர்டான் பக்கத்திலும் இஸ்ரேல் வசமுள்ள கோலான் பக்கத்திலும் அந்தச் சரிவு இல்லை. உழவர்கள் அகதிகளாகப் போய்விட்டார்கள், அவர்கள் இறைக்காத தண்ணீர் கீழே ஜோர்டானுக்கு ஓடியது. செயற்கைக்கோள் படத்திலிருந்து இதைக் கண்டுபிடித்தார்கள் என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

பச்சை என்றால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். உக்ரைனில் 2023 ஜூன் 6 அன்று ககோவ்கா அணை உடைந்தது. 2,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருந்த நீர்த்தேக்கம் சில வாரங்களில் வடிந்து போக, அதன் கால்வாய்களை நம்பியிருந்த தெற்கத்தி வயல்கள் தண்ணீரை இழந்தன. ஆனால் 2024 கோடைப் படத்தில் அந்தத் தேக்கத்தின் தரையே பச்சை, காட்டு வில்லோ மரக்கன்றுகள் முளைத்துக் கிடக்கின்றன. கைவிட்ட கோதுமை வயலில் களை மண்டினாலும் என்டிவிஐ பச்சைதான் சொல்லும். கோதுமை பழுத்துப் பழுப்பாக வேண்டிய நேரத்தில் ஒரு கட்டம் மட்டும் பச்சையாகவே நின்றால் அங்கே உழுதவர் இல்லையோ என்று சந்தேகப்படலாம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புள்ளி தரையில் 10க்கு 10 மீட்டர், அதாவது சுமார் இரண்டரை சென்ட். பெரிய வயலுக்குப் போதும், காய்கறிப் பாத்திக்கும் குண்டு விழுந்த பள்ளத்துக்கும் போதாது. வயலைச் சுற்றிக் கோடு போட்டு, நாள் வாரியான என்டிவிஐ ஏற்ற இறக்கத்தைக் கோட்டுப்படமாக எடுத்தால் மேகம் வந்த நாளிலும் பயிர் செத்தது போல எண் சரியும், அந்தத் தேதிப் படத்தை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். தமிழில் இல்லை. 2015-க்கு முந்தைய கதைக்கு, முக்கியமாக சிரியாவை உலுக்கிய 2006 முதல் 2010 வரையிலான வறட்சிக்கு, அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்களைத்தான் தேட வேண்டும். அங்கே ஒரு புள்ளி 22 சென்ட், ஆனால் 1972-லிருந்து தொடர்ச்சி இருக்கிறது, 2008-லிருந்து அதுவும் இலவசம்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். பெரிய திரையில் பாருங்கள். தொடங்க இடம் தெரியாவிட்டால் ராஸ் அல்-ஐன், ஏப்ரல் மாதம், 2019-லிருந்து வருஷத்துக்கு ஒரு படம், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் ஒரு வயல், அந்தப் பக்கம் ஒரு வயல்.