ஜே-1 ஓ-பேர் திட்டம்: எந்த வீட்டுக்குச் சரிவரும்?

தாத்தா பாட்டி விசிட்டர் விசாவில் வந்து, ஆறு மாதம் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பியதும், அமெரிக்கத் தமிழ் வீடுகளில் டே கேரா, நானியா, ஓ-பேரா என்ற பேச்சு தொடங்கிவிடும். ஓ-பேர் என்பவர் ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் வெளிநாட்டிலிருந்து வந்து, உங்கள் வீட்டிலேயே தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் இளம் வயதினர். அந்தப் பக்கம் போகுமுன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருக்க வேண்டும். எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வழி கிடையாது.

வருகிறவருக்கு 18 முதல் 26 வயது இருக்கும். ஜே-1 விசா 12 மாதம். ஒத்துப்போனால் 6, 9 அல்லது 12 மாதம் நீட்டிக்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஏஜென்சி வழியாக மட்டுமே அழைக்க முடியும்.

செலவைக் கூட்டிப் பார்ப்போம். ஏஜென்சிக் கட்டணம் பெரும்பாலும் 10,000 டாலரைத் தாண்டும். வாரக் கைச்செலவுத் தொகை குறைந்தது 195.75 டாலர், வருடத்துக்கு 10,179. அவருடைய படிப்புக்கு 500 வரை. சாப்பாடு, போன், கார் இன்சூரன்ஸ் இதற்கு மேல். மாசசூசெட்ஸில் கணக்கே வேறு: 2019 நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு அங்கே மாநிலக் குறைந்தபட்சக் கூலி தர வேண்டும். மணிக்கு 15 டாலர் என்றால் 40 மணி நேரத்துக்கே 600. மற்ற மாநிலங்களில் ஒரு குழந்தைக்கும் மூன்று குழந்தைகளுக்கும் ஏறக்குறைய ஒரே செலவுதான். அதனால் இரண்டு, மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது நல்ல பேரம். பள்ளிக்குப் போகும் ஒரே பிள்ளைக்கு பள்ளி முடிந்த பின் பார்த்துக்கொள்ளும் ஆஃப்டர் கேரே போதும்.

பெரும்பாலான வீடுகளில் தகராறு வருவது நேரக்கணக்கில்தான். ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45, அதற்கு மேல் கூடாது. காலை 7.30க்குக் கிளம்பி மாலை 5.30க்குத் திரும்பும் பெற்றோருக்குத் தினம் 10 மணி நேரம் தேவை; ஐந்து நாளில் 50. வெள்ளிக்கிழமை மதியமே விதி மீறப்பட்டுவிடும். குழந்தை தூங்கும் நேரமும் வேலை நேரம்தான். "அவள் வீட்டில்தானே இருக்கிறாள், நாங்கள் ஒரு சினிமா பார்த்துவிட்டு வருகிறோம்" என்பதும் கணக்கில் சேரும். அதே ஓ-பேர் பள்ளிப் பிள்ளைகளுக்கு அருமையாகப் பொருந்துவார்: காலை 7 முதல் 9, பிற்பகல் 3 முதல் 8, வாரம் 35 மணி நேரம். சனிக்கிழமை மாலைக்கும் இடம் மிச்சம். வாரம் ஒன்றரை நாள், மாதம் ஒரு முழு வார இறுதி, வருடத்தில் இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை. இவை சட்டப்படி அவருடைய உரிமை. அடுத்த வார அட்டவணையை ஞாயிறு இரவே எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் மாதக் கடைசியில் இருவர் மனதிலும் இரண்டு கணக்கு இருக்கும்.

குழந்தையின் சாப்பாடு, துணி, அறை, பள்ளிக்குக் கூட்டிப்போவது எல்லாம் அவர் வேலை. நம் சாம்பாரும் சிங்க்கில் கிடக்கும் மொத்தப் பாத்திரமும் அவர் வேலை அல்ல. இதை ஏற்க மனமில்லாத வீடு ஓ-பேர் எடுக்கக் கூடாது. தனி அறை கட்டாயம். ஹாலில் சோஃபா போட்டுச் சமாளிக்க முடியாது.

கைக்குழந்தை இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தை என்றால் பெரியவர் ஒருவர் வீட்டில் கூடவே இருக்க வேண்டும். இரண்டு வயதுக்குக் கீழ் என்றால், அந்த வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட 200 மணி நேர அனுபவம் அவருக்கு இருக்க வேண்டும். வீடியோ காலில் "குழந்தை பிடிக்குமா?" என்று கேட்டால் எல்லோரும் பிடிக்கும் என்றுதான் சொல்வார்கள். அந்த 200 மணி நேரம் எங்கே, எத்தனை மாதக் குழந்தையோடு, யாரும் பக்கத்தில் இல்லாமல் எவ்வளவு நேரம் என்று கேளுங்கள்.

கார் ஓட்டுவதும் அப்படியே. லைசென்ஸ் இருக்கும், ஹைவே அனுபவம் இருக்காது. வந்த முதல் மூன்று நாள் பெரியவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. அந்த நாட்களில் பள்ளி வழியில் அவரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். தடுமாறினால் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கும் உடனே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். குழந்தைப் பராமரிப்பு வரிச்சலுகைக்கான ஃபாரம் 2441ல் அது வேண்டும்.

ஒத்துவராவிட்டால் ரீமேட்ச், அதாவது உங்களுக்கு வேறு ஆளும் அவருக்கு வேறு குடும்பமும், கேட்கலாம். வழக்கமாக இரண்டு வாரம் அவகாசம். அதற்குள் அவருக்கு வேறு குடும்பம் அமையாவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். உங்களுக்கு மாற்று ஆள் வர எவ்வளவு நாள் ஆகும், வராவிட்டால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பும், பணமாகவா கிரெடிட்டாகவா என்பது ஏஜென்சிக்கு ஏஜென்சி மாறும். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைப் படித்த பிறகு கையெழுத்திடுங்கள்.