முக்கடல் சங்கமக் கடற்கரை: உள்ளூர்வாசியின் மதிப்புரை

கன்னியாகுமரியைப் பற்றி வெளியூரார் எழுதும் மதிப்புரைகளில் சூரிய உதயமும், 133 அடி உயர வள்ளுவர் சிலையும் தவறாமல் இடம்பெறுகின்றன. இவ்வூரிலேயே குடியிருப்பவன் என்ற முறையில், காந்தி மண்டபத்தில் தொடங்கி அலங்கார உபகார மாதா ஆலயத்தை ஒட்டிய மீனவர் கடற்கரை வரையுள்ள பகுதியை, நாங்களும் விருந்தினரும் ஒருங்கே பயன்படுத்தும் பொதுவிடம் என்ற நோக்கில் மதிப்பிட விரும்புகிறேன்.

முதலில், விவேகானந்தர் பாறையையும் வள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம். 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட, 77 மீட்டர் நீளமுள்ள அப்பாலத்தால் பெரும் பயன் விளைந்திருக்கிறது. முன்பு கடல் உள்வாங்கும் நாள்களில் பாறைகளின் காரணமாகச் சிலைக்குப் படகு செல்லாது; விவேகானந்தர் பாறையோடு திரும்பிவிட வேண்டியிருந்தது. அந்த ஏமாற்றம் இப்போது இல்லை.

கரையின் நிலை அவ்வளவு எளிதன்று. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் இங்கே முன்னோருக்குத் தர்ப்பணம் செய்வோரின் நடுவே நின்று சிலர் அலைபேசியில் படமெடுக்கிறார்கள். கண்ணீரோடு நீரில் இறங்குபவரைக் கேட்காமல் படமெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மீனவர் கடற்கரையில் உலரும் வலைகளை மிதித்துச் செல்வோரும், வள்ளங்களில் குழந்தைகளை ஏற்றி நிறுத்துவோரும் உண்டு. ஆயினும், அண்மையில் ஒரு மாலை, மொழி தெரியாத வடநாட்டுக் குடும்பமொன்று, வலை பழுதுபார்த்துக் கொண்டிருந்த பெரியவரின் கையசைவைப் புரிந்துகொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வலையைச் சுற்றி நடந்து சென்றது. அவர் சிரித்தபடி, விரித்திருந்த வலையின் ஓரத்தைச் சுருட்டி அவர்களுக்கு வழிவிட்டார். இக்கடற்கரைக்குத் தேவையானது அவ்வளவுதான்.

மிகக் கடினமான மாதம் டிசம்பர். கார்த்திகை முதல் நாளிலிருந்து ஐயப்ப பக்தர்கள் வந்துகொண்டிருக்க, மாதா ஆலயப் பெருவிழாவும் அம்மாதத்திலேயே வருகிறது. இரண்டு கூட்டமும் பக்தியோடு வருபவைதான். இடம் போதாமைதான் சிக்கல். சென்ற டிசம்பரில் எங்கள் தெருமுனையை அடைத்து நின்ற வேனைத் தாண்ட இயலாமல், மாலையில் நடக்கப் புறப்பட்ட என் அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டார். சங்கு, சிப்பிப் பொருள் விற்போரும் விடுதியில் வேலை செய்வோரும் விருந்தினரை நம்பி வாழ்பவர்கள் என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன். வாகனங்களை ஊருக்கு வெளியே நிறுத்திவிட்டு நடந்து வரும் ஏற்பாடும், முதியோர் அமர நிழலுள்ள இருக்கைகளும் உடனடித் தேவைகள்.

வர விரும்புவோர் பள்ளிகள் திறந்தபின், ஆனி மாதத்து வாரநாளொன்றில் வாருங்கள். கோடை விடுமுறைக் கூட்டம் அப்போது ஓய்ந்திருக்கும். கடற்காற்றும் அலையும் வலுத்திருக்கும். மாலையில் மதில்மேல் அமர்ந்திருக்கும் ஊர்ப் பெண்களிடம் கேட்டால் நல்ல மீன் சாப்பாடு எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள். ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம் தருகிறேன். தெருமுனைகள் வாகனமின்றித் திறந்திருந்தால் நான்கரை தந்திருப்பேன்.