விற்பனை அறிவிப்பில் வாசிப்புச் சோதனை: நான்கு விடைகளா, அடிக்கோடா?

“இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். ஞாயிறு வரை மட்டும். ஏற்கெனவே தள்ளுபடி செய்த பொருள்களுக்குப் பொருந்தாது.” இதைப் படித்து ஒரு பெரியவர் புரிந்துகொள்கிறாரா என்று எப்படிச் சோதிப்பது?

நான்கு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் திருத்துவது சுலபம். ஆனால் கண்ணை மூடித் தொட்டாலும் 25 சதவீதம் சரியாக வாய்ப்புண்டு. அதைவிடப் பெரிய சிக்கல், கடைக்குப் போய்ப் பழகியவர் படிக்காமலே ஊகித்துவிடுவார்.

விடை இருக்கும் வரியை அடிக்கோடிடச் சொல்வது இன்னொரு வழி. 16 முதல் 65 வயதுள்ளவர்களுக்காக ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சிக்கான பன்னாட்டு அமைப்பு) நடத்தும் பியாக் என்ற பெரியவர் திறன் ஆய்விலும் உரையிலேயே விடையைக் குறிக்கும் கேள்விகள் உண்டு. எழுதத் தயங்குபவருக்கும் இது ஒத்துவரும். ஆனால் கேள்வியில் கவனம் வேண்டும். “எதுவரை சலுகை?” என்றால் ‘வரை’ என்ற சொல்லைத் தேடிப் பிடித்தே கோடு போட்டுவிடலாம். “திங்கட்கிழமை போனால் கிடைக்குமா? எந்த வரி அதைச் சொல்கிறது?” என்று கேட்டால்தான் படித்தாக வேண்டும். (மொத்தம் எவ்வளவு ஆகும் என்று கேட்காதீர்கள், அது கணக்குச் சோதனை.)

பெருங்கூட்டத்தை விரைவாகப் பிரிக்க முதல் வழி போதும். யாருக்கு எங்கே தடுக்கிறது என்று அறிய, என் ஓட்டு அடிக்கோட்டுக்கே.