உப்புவெளிப் பக்கம் நடக்கிற இளைஞர் தலைமைத்துவப் பயிற்சி: காசையும் முடிவையும் பிள்ளைகளிட்ட குடுக்கிற இடம் (5க்கு 4)

திருகோணமலையில இளைஞர் தலைமைத்துவம் எண்டு பனர் கட்டாத நிறுவனம் இல்ல, ரெண்டு நாள் ஹோட்டல் மண்டபத்தில வச்சு டீசேட்டும் பைலும் குடுத்து கடைசியில சேர்டிபிகேட்டோட குரூப் போட்டோ எடுத்து வீட்ட அனுப்பிடுவாங்க, அதுக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளை ஒருத்தரும் தேடமாட்டாங்க. உப்புவெளிப் பக்கம் ஒரு உள்ளூர் அமைப்பு சனிக்கிழமைகளில நடத்துற ஆறு மாசப் பயிற்சி அந்தக் கணக்கில சேராது. போன பட்ச்ல நானும் இருந்தன், முடிச்சு ஊருக்குத் திரும்பி அங்க படிச்சதெல்லாம் எங்கட கிராம அபிவிருத்திச் சங்கத்தில எவ்வளவுக்கு எடுபடுது எண்டு பார்த்திட்டுத்தான் இதை எழுதுறன். சின்ன அமைப்பு, கீழ குறையும் சொல்லியிருக்கிறதால பேரைப் பொதுவில போடல்ல, விருப்பமான ஆக்கள் இன்பொக்ஸில கேளுங்க.

ஃபீஸ் இல்ல. பஸ் டிக்கெட்டைக் காட்டினா காசைத் திருப்பித் தருவாங்க. முப்பது பேரளவில எடுத்தாங்க, மூதூர், கிண்ணியா, தம்பலகாமம், குச்சவெளி, டவுண் எண்டு எல்லாப் பக்கத்தாலயும் வந்திருந்தாங்க, தமிழ் முஸ்லிம் சிங்களப் பிள்ளைகள் கலந்துதான். கிண்ணியாப் பாலம் 2009ல திறக்கிறதுக்கு முதல் எண்டா அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பாதையில ஏறி (பாதை எண்டா அந்தக்காலத்து ஃபெரி, இப்பத்த பிள்ளைகளுக்குத் தெரியாது) காலமை ஒன்பது மணிக்கு இஞ்ச வந்து சேர்றது பெரிய பாடு, இப்ப ஒரு பஸ்ஸில வந்திறங்குறாங்க.

முதல் கிழமையே எனக்குப் பிடிச்சுப் போச்சு. நடத்துற மிஸ் போர்டில ஒரு ஏணி கீறினா, எட்டுப் படி. ரொஜர் ஹார்ட் எண்ட ஆள் 1992ல யுனிசெஃபுக்காக எழுதினதில வார ஏணி அது. அடியில இருக்கிற மூண்டு படியும் பங்கெடுக்கிற மாதிரித் தெரியும், ஆனா உண்மையில பங்கெடுப்பே இல்ல: பெரியாக்கள் தங்கட விசயத்துக்குப் பிள்ளைகளைப் பாவிக்கிறது, அலங்காரத்துக்கு நிப்பாட்டி வைக்கிறது, பேருக்கு ஒருத்தரைக் கூப்பிட்டு இருத்துறது. அதுக்கு மேல போகப் போகத்தான் கருத்துக் கேக்கிறது, சேர்ந்து முடிவெடுக்கிறது எண்டு வரும். இதை விளக்கிப்போட்டு மிஸ் ஒரு லெக்சரும் அடிக்கல்ல, ஆளுக்கு ஒரு துண்டுக் கடதாசி தந்து உங்கட ஊரில கடைசியா நடந்த பொது விசயத்தில நீங்க செய்த வேலையை எழுதி எந்தப் படியோ அதில ஒட்டுங்க எண்டா. தம்பலகாமத்துப் பிள்ளையொண்டு எழும்பிப் போய் "வரவேற்பு நடனம்" எண்டு எழுதின துண்டை ரெண்டாம் படியில ஒட்டிச்சு. அதுக்குப் பின்னால ஒவ்வொருத்தரா, கதிரை அடுக்கினது, பந்தல் போட்டது, சாப்பாடு பரிமாறினது, அமைச்சர் வரேக்க மாலையோட நிண்டது... எல்லாம் அடி மூண்டு படியிலயே குவிஞ்சுது, மேல் படிகள் வெறுமையாக் கிடந்துது. அந்தப் போர்டைப் பார்த்த பிறகு எங்கட ஊர்களில இளைஞர் பங்களிப்பு எந்த நிலையில இருக்கு எண்டு ஒருத்தரும் சொல்லித் தரத் தேவையிருக்கல்ல.

அடுத்தது வரைபடம். நிலத்தில பெரிய கடதாசி விரிச்சு ஊரைக் கீறச் சொன்னாங்க, பெடியன்கள் தனி, பெட்டைகள் தனி. ரெண்டு குழுவும் கீறினது ஒரே ஊர், ஆனா பக்கத்தில வச்சுப் பார்த்தா வேற வேற ஊர் மாதிரி இருந்துது. பெடியன்களின்ட படத்தில கிரவுண்ட், சந்திக் கடை, வலை காயப்போடுற இடம், கோயில், பள்ளிவாசல் எல்லாம் பெரிசா இருந்துது. பெட்டைகளின்ட படத்தில குழாய்க்கிணறு, பஸ் ஹோல்ட், டியூசன் முடிஞ்சு வார ஒழுங்கை, அந்த ஒழுங்கையில லைட் எரியாத போஸ்ட் எது எண்டு ஒவ்வொண்டுக்கும் சிவப்புப் புள்ளி. அந்த போஸ்டுகளுக்குக் கீழால தினம் போற பெடியன்களுக்கு அதில லைட் இல்ல எண்டதே தெரியாமல் இருந்திருக்கு. இப்பிடி ஒரு படத்தை சங்கக் கூட்டத்தில விரிச்சு வச்சா அங்க கதைக்கிற கதையே மாறும், நான் எங்கட ஊரில விரிச்சு வச்சுப் பார்த்தன், மாறினது.

இந்தப் பயிற்சியின்ட உயிரே மூண்டாம் மாசத்துக்குப் பிறகு வார வேலைதான். ஒவ்வொரு குழுவுக்கும் சின்னத் தொகை ஒண்டு குடுப்பாங்க, குழுவில ரெண்டு பேர் கையெழுத்து வைக்காமல் எடுக்க ஏலாது, என்ன செய்யிறது எண்டதைக் குழுவே தீர்மானிக்கும். கொட்டேசன் மூண்டு கடையில எடுக்கணும், பில் ஒழுங்கா வைக்கணும், செலவைக் கடைசியில ஊர் ஆக்களுக்கு முன்னால வாசிக்கணும். டவுண் குழு மான் விசயத்தை எடுத்தாங்க. திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்ல, கோட்டைக்குள்ளயும் கடற்கரைப் பக்கமும் றோட்டிலயும் திரியுற புள்ளிமான்கள் சனம் வீசுற சோத்துப் பார்சலின்ட லஞ்ச் சீற்றோட சேர்த்துத் தின்னுதுகள், வயித்துக்குள்ள பொலித்தீன் அடைஞ்சு சாகுதுகள். பிள்ளைகள் முதல்ல விழிப்புணர்வு போஸ்டர் அடிப்பம் எண்டுதான் நிண்டாங்க. மிஸ் வேண்டாம் எண்டு சொல்லல்ல, ஆனா பின்னேரம் ரெண்டு மணித்தியாலம் அங்க நிண்டு ஆர் எங்க எதை வீசுறாங்க எண்டு எழுதிக்கொண்டு வாங்க எண்டு அனுப்பினா. போய்ப் பார்த்தா குப்பைத் தொட்டி இருக்கு, மூடி இல்ல, மான் தலையை விட்டு இழுத்து வெளிய எடுக்குது. போஸ்டர் யோசனையை விட்டுப்போட்டு வெல்டிங் கடைக்குப் போனாங்க, மான் திறக்க ஏலாத மாதிரிக் கம்பி வலைக் கூடும் மூடியும் அடிச்சு வாங்கினாங்க, ஆர் கிழமைக்கு ஒருக்கா வெறுமையாக்கிறது எண்டு பக்கத்துக் கடைக்காரரோடயும் கதைச்சு முடிச்சாங்க. பத்தொன்பது வயசுப் பிள்ளை ஒண்டு வெல்டிங் பாஸோட நிண்டு விலை பேசினதை நான் நேரில பார்த்தன், எந்த வகுப்பறையிலயும் அந்தப் பழக்கம் வராது.

எங்கட குழு லைட் போஸ்டை எடுத்தம். அதுக்குக் காசு செலவழிக்கத் தேவையில்ல, அது ஏற்கனவே ஒரு அலுவலகத்தின்ட பொறுப்பு, ஆனா நேரில கேட்டா ஒருத்தர் மற்றவரைக் கைகாட்டுவார். இஞ்சதான் 2016ம் ஆண்டு 12ம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எப்பிடிப் பாவிக்கிறது எண்டு சொல்லித் தந்தாங்க. 2017 பெப்ரவரியில இருந்து நடைமுறையில இருக்கிற சட்டம், நாட்டுப் பிரஜை ஆரும் தகவல் அலுவலருக்கு எழுதிக் கேக்கலாம், ஏன் கேக்கிறன் எண்டு காரணம் சொல்லத் தேவையில்ல, 14 வேலை நாளுக்குள்ள தரலாமா இல்லையா எண்டு அவங்க முடிவு சொல்லணும். சண்டை பிடிக்காமல், ஆரையும் பிடிச்சுக் கேக்காமல், ஒரு கடிதத்தால வேலை நடக்கலாம் எண்டதை இருபது வயசில அறியிறது பெரிய விசயம். எங்கட கடிதத்துக்குப் பதில் வந்துது, அதுக்குப் பிறகு பல்பும் வந்துது, எல்லா போஸ்டுக்கும் இல்ல, ஆனா டியூசன் ஒழுங்கைக்கு வந்துட்டு.

உள்ளூராட்சியைப் பற்றின வகுப்பும் நல்லா இருந்துது. 2025 மே 6 நடந்த தேர்தலில ஒவ்வொரு வேட்பாளர் பட்டியலிலயும் 25 வீதம் 35 வயசுக்கு உட்பட்ட ஆக்கள் இருக்கோணும் எண்டு சட்டம் இருந்துது. சட்டம் நல்லது, நான் அதுக்கு முழு ஆதரவு. ஆனா எங்கட பக்கம் பட்டியலில பேர் போட்ட பெடியன் ஒருத்தனுக்குப் பிரச்சாரக் கூட்டத்தில ஒருக்காக் கூட மைக் குடுக்கல்ல, ஏணியின்ட மூண்டாம் படி எண்டா அதுதான். பட்டியலில போட உங்கட பேரைக் கேக்கிறாங்க எண்டா என்ன அதிகாரம் தருவீங்க எண்டு முதலே கேளுங்க எண்டு இந்தப் பயிற்சியில சொல்லித் தாராங்க, அது இஞ்ச கட்டாயம் தேவை.

மூண்டு இனமும் கலந்து இருக்கிறதைப் பற்றியும் சொல்லணும். ஐநா பாதுகாப்புச் சபை 2015 டிசம்பரில 2250ம் தீர்மானத்தில 18 தொடக்கம் 29 வயசு ஆக்களை சமாதான வேலையில பங்காளியா எடுக்கணும் எண்டு சொல்லியிருக்கு. இதைச் சும்மா வாசிச்சா வறண்ட விசயம். ஆனா சம்பூர்ப் பிள்ளையும் மூதூர்ப் பிள்ளையும் பக்கத்தில பக்கத்தில இருந்து 2006 யுத்தத்தில தங்கட வீட்டாக்கள் எந்தப் பக்கத்தால ஓடினாங்க எண்டு அம்மா சொன்னதை மாறி மாறிச் சொல்லேக்க அது வேற. ரெண்டு பேரும் அப்ப கைக்குழந்தை. சம்பூர்ப் பிள்ளை வளர்ந்தது முழுக்க முகாமில, சொந்தக் காணிக்குப் போனது 2015க்குப் பிறகு. ரெண்டும் இப்ப ஒரே குழுவில மூதூர்ப் பக்கம் கிணறு இறைக்கிற வேலையை நடத்துதுகள்.

இனிக் குறை. முதலாவது, விண்ணப்பத்தில ஓஎல் (பதினோராம் வகுப்புச் சோதினை) பாஸ் கேக்கிறாங்க, இது எனக்குச் சரியாவே படல்ல. கரைவலைக்குப் போற பெடியன், கடையில நிக்கிற பெட்டை, ஒன்பதாம் வகுப்போட நிண்ட பிள்ளைகள்தான் ஊரின்ட பாதி வேலையைத் தூக்குறாங்க, அவங்களை வாசலிலயே மறிச்சா தலைமைத்துவம் படிச்சாக்களுக்கு மட்டும் எண்டாகிடும். தேசிய இளைஞர் சேவைகள் மன்றத்தின்ட இளைஞர் கழகத்தில சேர ஆரும் றிசல்ட் சீற் கேக்கிறதில்ல, இஞ்ச மட்டும் ஏன்? நான் நேரில சொன்னன், யோசிக்கிறம் எண்டாங்க. ரெண்டாவது, நாலு மணிக்கு முடிக்கிறம் எண்டு அஞ்சரை வரை இழுப்பாங்க, தூரப் பிள்ளைகள், அதிலயும் பெட்டைகள், வீட்ட போய்ச் சேர இருட்டிடும். இதால ரெண்டு பேர் நடுவில நிண்டுட்டாங்க, வீட்டாக்களைக் குறை சொல்ல ஏலாது. மூண்டாவது, சிங்கள மொழிபெயர்ப்பு ஒரு ஆளில நிக்குது, அந்த அண்ணா வராத நாளில பாதி வகுப்பு சும்மா இருக்கும். ஏஎல் பிள்ளைகளுக்கு சனிக்கிழமை டியூசனோட அடிபடுறதும் இருக்கு, அதுக்கு என்ன செய்யலாம் எண்டு எனக்கும் தெரியல்ல, இஞ்ச எந்த நாள்தான் டியூசன் இல்ல.

சாப்பாடு பரவாயில்ல, மத்தியானம் சோறும் மீன் கறியும், காலமை பிளேன்டீயும் வடையும். ஃபேன் போதாது, மே மாசத்தில வெக்கை தாங்க ஏலாது.

முடிச்ச பிறகு எங்கட சங்கத்தின்ட வருடாந்தப் பொதுக்கூட்டத்தில இந்தமுறை பொருளாளர் பதவிக்கு இருபத்திமூண்டு வயசுப் பிள்ளை ஒண்டின்ட பேரை முன்மொழிஞ்சம், அதுவும் அந்தப் பயிற்சிக்கு வந்த பிள்ளை. பழைய தலைவர் ஐயா முதல்ல "காசு விசயம் பிள்ளை, பெரியாக்கள் பார்க்கட்டும்" எண்டார். பிள்ளை தங்கட குழுவின்ட பில் பைலைக் கொண்டுவந்து மேசையில வச்சுது. ஐயா ஒவ்வொரு பில்லாப் புரட்டிப் பார்த்து தானே வழிமொழிஞ்சார். இப்ப பாங்க் புத்தகம் அந்தப் பிள்ளையின்ட கையில.

அடுத்த பட்ச்க்கு விண்ணப்பம் எடுக்கிறதா இருந்தா உங்கட ஜீஎஸ்ஸிட்டயும் (கிராம சேவகர்) டிஎஸ் ஓபிஸ் (பிரதேச செயலகம்) நோட்டீஸ் போர்டிலயும் பாருங்க, வழமையா அங்கதான் போடுவாங்க. நேர்முகத்துக்கு சேர்டிபிகேட் பைல் பெரிசாக் கொண்டு போகத் தேவையில்ல, உங்கட ஊரில என்ன பிரச்சினை, அதில நீங்க இதுவரைக்கும் என்ன செய்தீங்க எண்டுதான் கேப்பாங்க. பெட்டைப் பிள்ளைகளை அனுப்புற அம்மாமார் முதல் நாளே போய் பஸ் நேரத்தைச் சொல்லி நாலு மணிக்கு விடச் சொல்லிக் கேளுங்க, கேட்ட வீட்டுப் பிள்ளைகளை நேரத்துக்கு விட்டவங்க.