ஆம்புலன்சில் கேரெட் சூப்பர் ஸ்கேனர் வி: எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிடும்

டெக்சஸ் மாநிலத்தின் கார்லண்ட் நகரிலுள்ள கேரெட் நிறுவனம் செய்யும் கையடக்க மெட்டல் டிடெக்டர் இது. கட்டட வாசல்களில் காவலர்கள் கையில் பார்த்துப் பழகிய இந்தக் கருவியை ஆம்புலன்சிலும் வைக்கலாமா என்பது அமெரிக்காவில் பணிபுரியும் பாராமெடிக்குகளுக்கு நியாயமான கேள்வி. டெக்சசில் மட்டும் எடுத்துக்கொண்டால், 2021 செப்டம்பரிலிருந்து பெரும்பாலான வயதுவந்தவர்கள் உரிமம் எடுக்காமலேயே கைத்துப்பாக்கியை உடன் எடுத்துச் செல்லலாம். சர்க்கரை குறைந்து மயங்கிய பெரியவரின் இடுப்பிலும் அது இருக்கக்கூடும். அவர் குற்றவாளி இல்லை. ஆனால் குளுக்கோஸ் ஏறி அரைகுறையாக விழிக்கும்போது, யாரோ தன்னைப் பிடித்து அமுக்குகிறார்கள் என்று மிரண்டு கை அங்கே போகலாம். வலிப்பு நின்று குழம்பிக் கிடப்பவர், தலையில் அடிபட்டவர் விஷயத்திலும் இதே ஆபத்து உண்டு.

கருவி சுமார் 42 செ.மீ. நீளம், அரைக் கிலோ எடை. ஒரே ஒரு 9 வோல்ட் பேட்டரி போதும். நடுத்தரக் கைத்துப்பாக்கியை 23 செ.மீ., பெரிய கத்தியை 15 செ.மீ., பிளேடை 7.5 செ.மீ. தொலைவில் கண்டுபிடிக்கும் என்கிறது நிறுவனம். உடலிலிருந்து நாலைந்து செ.மீ. தள்ளி, நிதானமாக ஓட்டினால் பிளேடும் சிக்கும். அவசரமாக வீசினால் தவறிவிடும். சுவிட்சை ஒலிப் பக்கம் வைக்காமல் அதிர்வுப் பக்கம் வையுங்கள்: சைரன் சத்தத்தில் பீப் கேட்காது, பதற்றத்தில் இருக்கும் நோயாளியை அந்த ஒலி இன்னும் கிளப்பிவிடும்.

பெரிய குறை ஸ்ட்ரெச்சரில்தான். அதன் சட்டம் அலுமினியம், பெல்ட் கொக்கிகள் எஃகு, வண்டியின் தரையும் உலோகம். படுத்திருப்பவர்மேல் ஓட்டினால் கருவி ஓயாமல் அதிரும். கட்டடத் தரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகளால் வரும் தொல்லையை அடக்கக் கருவியில் ஒரு பொத்தான் உண்டு; அதை நம்பி இங்கே வேலை செய்யக் கூடாது. முதுகுக்கு அடியில் இருப்பதை எப்படியும் பார்க்க முடியாது. செயற்கை மூட்டு, பெல்ட், சாவி எல்லாமே அலாரம் தரும், பீங்கான் கத்தி தராது. ஆகவே வண்டிக்குள் ஏறுவதற்கு முன், நோயாளி நிற்கும்போது பயன்படுத்த வேண்டிய கருவி இது. நடந்து வந்து ஏறும் மனநல அழைப்புகளில் அதன் முழுப் பயனும் தெரியும்.

கருவி இருந்தாலும் முதலில் வாயால் கேளுங்கள்: "உங்களையோ எங்களையோ குத்துகிற, வெட்டுகிற, சுடுகிற பொருள் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" பலர் நேராகச் சொல்லிவிடுவார்கள். பிறகு சம்மதம் கேட்டு, பக்கவாட்டில் நின்று, இடுப்பைச் சுற்றி முதலில் பாருங்கள். அடுத்து பேன்ட் பாக்கெட், கணுக்கால், பூட்ஸ், கழுத்துச் சங்கிலி. படுத்திருப்பவரிடம் புறங்கையால் அழுத்திப் பார்ப்பதோடு நிறுத்துங்கள். பாக்கெட்டுக்குள் விரலை விடவே கூடாது; நைட்ரைல் கையுறை ஊசியைத் தடுக்காது. காயமடைந்தவருக்கு எப்படியும் துணியைக் கத்தரிப்பீர்கள், அதுவே நல்ல சோதனை. பை, கோட்டு இரண்டும் நோயாளியின் கைக்கு எட்டாமல், வண்டியின் வெளிப்பக்கத்திலிருந்து திறக்கும் பொருள் அறையில் போக வேண்டும்.

மறுக்கிறவரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். ஆம்புலன்ஸ் ஊழியருக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. விலகி நின்று போலீசை அழையுங்கள்.

துப்பாக்கி கிடைத்தால் குண்டை எடுக்க முயலாதீர்கள். "காலிதான்" என்று யார் சொன்னாலும் நிறைந்ததாகவே கருதுங்கள். உறையில் இருந்தால் பெல்ட்டைக் கத்தரித்து உறையோடு சேர்த்து எடுங்கள். விசைப்பக்கம் விரல் போகக் கூடாது, குழல்முனை ஆள் இல்லாத திசையில் இருக்க வேண்டும். பூட்டுள்ள எஃகுப் பெட்டியில் வைத்து, போலீசிடமோ மருத்துவமனைப் பாதுகாப்பு அலுவலரிடமோ கையெழுத்து வாங்கி ஒப்படையுங்கள். அந்தப் பெட்டி இல்லாத வண்டிக்கு டிடெக்டரைவிட அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வோம்.

டிடெக்டரை வாங்கினால் நோயாளிப் பகுதியில் மாட்டாமல் பக்கக் கதவின் உட்புறம் மாட்டுங்கள், இறங்கும்போதே கையில் வரும். ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும் ஒரு கத்தரிக்கோலைக் காட்டிச் சோதியுங்கள், மஞ்சள் விளக்கு எரிந்தால் பேட்டரியை அப்போதே மாற்றுங்கள். கிருமிநாசினித் துணியால் துடைத்தால் போதும், நீரில் முக்கக் கூடாது.